ஆபரேஷன் முடிந்ததும் அம்மாவுக்கு அப்படி ஒரு நடுக்கம்: காயம் சீழ் பிடித்தது அதனால்தானா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. அவருடைய அம்மாவுக்கு 63 வயது, 12 வருடமாகச் சர்க்கரை நோய். ஏழு மாதம் முன்பு ஒரு ராத்திரி வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெருங்குடலில் கட்டி, குடல் அடைப்பு. சர்க்கரை 290. நள்ளிரவில் ஆபரேஷன் தொடங்கி நான்கு மணி நேரம் ஆனது. கட்டியை எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் குடலைத் திறந்துவைத்துப் பை மாட்டினார்கள்.

"வெளியே கொண்டுவந்தபோது அம்மாவின் பல் கிட்டிப்போய் கட்டிலே கடகடவென்று ஆடியது. கையைத் தொட்டால் ஐஸ். நர்ஸ் இன்னொரு போர்வை போட்டு ஏதோ ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது" என்கிறார். ஆறாம் நாள் காயம் சிவந்து சீழ் வைத்தது. தையலைப் பிரித்துவிட்டு, 24 நாள் தினமும் கட்டு மாற்றினார்கள். கீமோதெரபி தள்ளிப்போனது. "சுகர் இருந்தா இப்படி ஆகும்மா" என்று சர்ஜன் சொன்னதை அப்போது ஏற்றுக்கொண்டார்கள். போன மாதம் சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் உறவுக்காரப் பெண் பேச்சுவாக்கில், "ஆபரேஷனில் உடம்பு குளிர்ந்துபோனால் காயம் சீழ் பிடிக்கும், அதைத் தடுத்திருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. தம்பி கேஸ் போட வேண்டும் என்கிறான். சித்தி, அடுத்த ஆபரேஷனில் ஏசியை நிறுத்தச் சொல் என்கிறார். இவரோ வெந்நீர்ப் பை கொடுத்தனுப்பலாமா என்று யோசிக்கிறார். அடுத்த மாதம் பையை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்க்கும் ஆபரேஷன். அதற்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவைத்தது. "அன்றைக்கே நான் சத்தம் போட்டிருந்தால் அம்மாவுக்கு இவ்வளவு ஆகியிருக்காதோ?" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடுக்கத்தைப் பார்த்தது ஆபரேஷன் முடிந்த பிறகு. உடம்பு குளிர்வது அதற்கும் பல மணி நேரம் முன்பு, கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது. அதைக் கவனிக்க வேண்டியது என்னைப் போன்ற மயக்க மருந்து டாக்டர்களின் வேலை. உங்கள் மேல் தவறு இல்லை.

உங்கள் உறவுக்காரப் பெண் சொன்னது ஆதாரம் உள்ள விஷயம்தான். ஆனால் அதை உங்கள் அம்மாவின் காயத்தோடு நேராக முடிச்சுப் போட முடியாது. ஏன் என்று விளக்கினால்தான் அடுத்த ஆபரேஷனுக்கு என்ன கேட்பது என்பதும் தெளிவாகும்.

உடம்பு எப்படிக் குளிர்கிறது

எல்லோரும் ஏசியைத்தான் முதல் குற்றவாளியாகச் சொல்வார்கள். ஆனால் மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் உடம்பின் உள் வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதற்கு முக்கியக் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. சாதாரணமாக மார்பு, வயிறு, தலை இவற்றின் உள்ளே 37 டிகிரி இருக்கும்போது கை கால் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூட்டை நடுவிலேயே பிடித்து வைத்திருக்கிறது உடம்பு. மயக்க மருந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. குளிக்கும்போது அண்டாவிலிருந்து கொதிக்கும் தண்ணீரை மொண்டு வாளிப் பச்சைத் தண்ணீரில் விளாவுகிறோமே, அதுதான் உள்ளே நடக்கிறது. நடு உடம்பின் சூடு கை கால் பக்கம் பாய்ந்து, மொத்தமும் ஒரே வெதுவெதுப்பாகிவிடுகிறது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தாலும் இடுப்புக்குக் கீழே இதே கதைதான். அதில் இன்னொரு சிக்கல், குளிர்ந்திருப்பதே நோயாளிக்குச் சரியாகத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் மற்றவை வந்து சேர்கின்றன. திறந்த வயிறு, உடம்பைத் துடைத்த மருந்து உலர்வது, ஏசிக் காற்று, ஈரத் துணி. குளிர்ந்த டிரிப்ஸும் இதில் சேரும். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் டிரிப்ஸ், பெரியவர்களின் சராசரி உடல் வெப்பத்தைக் கால் டிகிரி அளவுக்கு இறக்கிவிடும். வாந்தியெடுத்து வறண்டுபோய் வந்த உங்கள் அம்மாவுக்கு அன்றிரவு எத்தனை லிட்டர் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு மணி நேர வயிற்று ஆபரேஷனில் சூடேற்றும் ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் 35 டிகிரிக்குக் கீழே போவது அதிசயமே இல்லை.

குளிருக்கும் சீழுக்கும் என்ன தொடர்பு

ஆபரேஷன் தியேட்டர் குளிராக இருந்தால் கிருமி வளராது என்று பலர் நம்புகிறார்கள். குளிரில்தான் கிருமி பெருகும் என்று உங்கள் சித்தி நம்புகிறார். இரண்டுமே சரியில்லை. 20 டிகிரியில் கிருமி சாகவும் சாகாது, விசேஷமாகப் பெருகவும் பெருகாது. குளிர் கெடுப்பது நம் பக்கத்துப் படையை.

கத்தி பட்ட நேரத்திலேயே சில கிருமிகள் காயத்துக்குள் போய்விடும். எந்த ஆபரேஷனிலும் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. அவை வேரூன்றுமா அழியுமா என்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல ஆக்சிஜனைத்தான் ஆயுதமாக மாற்றுகின்றன. உடம்பு மிகவும் குளிர்ந்ததும் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மறுபடியும் இறுகும். காயத்துக்கு ரத்தம் குறையும், ஆக்சிஜன் குறையும். வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். கிருமிக்கு அந்த அவகாசமே போதும், ஐந்தாறு நாள் கழித்து நம் கண்ணுக்குச் சீழாகத் தெரியும்.

1996-இல் ஆண்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர், ரெய்னர் லென்ஹார்ட் மூவரும் ஆஸ்திரியாவில் நடத்திய ஆய்வுதான் இதில் பெரிய திருப்பம். உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் போலவே பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேர். ஒரு பாதியை வெதுவெதுப்பாக வைத்தார்கள். ஆபரேஷன் முடிவில் சராசரி 36.6 டிகிரி. மறுபாதி 34.7 வரை இறங்கியது, நமக்குப் பழகிய ஃபாரன்ஹீட்டில் 94.5. வெதுவெதுப்பாக இருந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குக் காயம் சீழ் பிடித்தது. குளிர்ந்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு. அவர்கள் இரண்டரை நாளுக்கு மேல் கூடுதலாக மருத்துவமனையில் இருந்தார்கள். சீழ் பிடிக்காதவர்களிலும் குளிர்ந்தவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமானது.

இதன் அடுத்த பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களை நான் பயமுறுத்தியதாக ஆகிவிடும். 2022-இல் சீனாவிலும் அமெரிக்காவின் கிளீவ்லேண்டிலும் 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒரு சாராரை 37 டிகிரியிலும், இன்னொரு சாராரை 35.5 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள். இதயப் பாதிப்பிலும் சரி, காயத் தொற்றிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது அரை டிகிரி, ஒரு டிகிரி குறைந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. 34, 35 என்று இறங்குவதுதான் ஆபத்து. இந்த ஆய்வுக்குப் பிறகும் நான் 36-க்குக் கீழே விடாமல்தான் பார்த்துக்கொள்கிறேன். கையில் கொஞ்சம் இருப்பு இருந்தால், எதிர்பாராமல் ரத்தம் போகும்போதும் ஆபரேஷன் நீளும்போதும் பாதாளத்துக்குப் போகாமல் இருக்கும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவதும் மந்தம், மயக்க மருந்தின் வேகம் இறங்குவதும் மந்தம்.

அப்படியானால் அம்மாவுக்குச் சீழ் வைத்தது குளிரால்தானா?

நீங்கள் அனுப்பிய கேஸ் ஷீட் நகலைப் பார்த்தேன். மயக்க மருந்துத் தாளில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் குறித்திருக்கிறார்கள். வெப்பம் என்ற வரிசை மட்டும் மேலிருந்து கீழ் வரை வெறுமையாக இருக்கிறது. ரெக்கவரி ரூம் தாளில் நர்ஸ் "நடுக்கம், போர்வை போடப்பட்டது" என்று எழுதி, நடுக்கத்தை அடக்கும் ட்ரமடால் ஊசியைக் குறித்திருக்கிறார். அங்கேயும் டிகிரி இல்லை. நடுக்கத்தை மட்டும் வைத்து உடம்பு எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்ல முடியாது. உள் வெப்பம் சரியாக இருக்கும்போதும் சிலருக்கு மயக்கம் தெளிகையில் நடுக்கம் வருவதுண்டு. கை ஐஸாக இருந்தது என்பதை வைத்துக் குளிர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நினைப்பதும் நிரூபிப்பதும் வேறு.

இன்னொரு பக்கம் பாருங்கள். அவசர ஆபரேஷன், அடைத்துக்கொண்ட குடல். அந்த ஆஸ்திரிய ஆய்வில் இருந்தவர்கள் முன்கூட்டியே குடலைச் சுத்தம் செய்து தயாராக வந்தவர்கள். அம்மாவுக்கு அதற்கு நேரமே இல்லை. சர்க்கரை 290. இவை ஒவ்வொன்றும் தனியாகவே காயத்தைச் சீழ் பிடிக்க வைக்கக்கூடியவை. "சுகர் இருந்தா இப்படி ஆகும்" என்று சர்ஜன் சொன்னது பாதி உண்மை. குளிர் இன்னொரு பாதியா, கால்வாசியா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உயிரைக் காப்பாற்றிய ஆபரேஷன் அது என்பதையும் மறக்க வேண்டாம். குடல் அடைப்பை விடியும் வரை தள்ளிப்போட முடியாது.

கேஸ் போடுவது பற்றி

நான் வக்கீல் இல்லை. தம்பிக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றை மட்டும் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை. அங்கே போனால் கவனக்குறைவு இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்தப் பாதிப்பு அதனால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். மேலே சொன்ன காரணங்களால் அது கடினம். வெப்பம் குறிக்காமல் விட்டது குறைதான், அதை நான் மறைக்க மாட்டேன். அதை எழுத்தில் மருத்துவமனை நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அடுத்த நோயாளிக்காவது உதவும். விடுபட்ட தாள்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. அடுத்த ஆபரேஷனைச் செய்யப்போகும் டாக்டர்களுக்கும் அந்தத் தாள்கள் வேண்டும்.

ஏசியை நிறுத்தலாமா, வெந்நீர்ப் பை வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தியேட்டர் ஏசி வெறும் குளிருக்காக ஓடுவதில்லை. வடிகட்டிய காற்றை ஒரு மணி நேரத்தில் பலமுறை மாற்றி, ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்து, வெளிக்காற்று உள்ளே வராமல் தள்ளிக்கொண்டிருப்பது அதுதான். அதை நிறுத்தினால் காயத்துக்குக் கெடுதல்தான். விளக்குக்கு அடியில், மேலங்கிக்குள் வியர்த்து ஒழுகும் சர்ஜனின் கையும் சரியாக ஓடாது. மயக்கம் கொடுத்து, உடம்பைத் துடைத்து, துணி போர்த்தும் வரை அறை 21 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் போதும். சூடேற்ற வேண்டியது நோயாளியை.

வெந்நீர்ப் பை இன்னும் மோசம். பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நோயாளியைச் சூடேற்றும் வார்மர் கருவி இல்லாத இடம். நல்ல எண்ணத்தோடு, வெந்நீரில் போட்டுச் சூடாக்கிய குளுக்கோஸ் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு அம்மாவின் கக்கத்தில் வைத்தார்கள். தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து கையைத் தூக்கியபோது அந்த இடம் சிவந்திருந்தது. மறுநாள் காலை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். மயக்கத்தில் இருப்பவர் "சுடுது" என்று சொல்ல முடியாது, கையை இழுத்துக்கொள்ளவும் முடியாது. உங்கள் அம்மாவுக்கு 12 வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் ஆபரேஷனுக்குப் பிறகு வார்டிலும் கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்.

அடுத்த மாதத்துக்கு என்ன செய்யலாம்

இந்த முறை உங்களுக்குப் பெரிய சாதகம் ஒன்று உண்டு. இது நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன். தயாராக நேரம் இருக்கிறது.

மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே அம்மாவைப் பரிசோதிக்கும் நாள் ஒன்று இருக்கும். சர்ஜனிடம் சொல்வதை விட அவரிடம் சொல்வதுதான் பலன் தரும். கூகுளில் படித்தேன் என்று தொடங்க வேண்டாம். "போன தடவை வெளியே வந்தப்ப ரொம்ப நடுங்கினாங்க டாக்டர், காயமும் சீழ் பிடிச்சிருச்சு. இந்தத் தடவை வார்மர் போடுவீங்களா? டிரிப்ஸ் சூடு பண்ணித் தருவீங்களா? உள்ளே டெம்பரேச்சர் பார்ப்பீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். இதைக் கேட்டுக் கோபப்படும் டாக்டர் அபூர்வம். என்னிடம் யாராவது கேட்டால் சந்தோஷப்படுவேன். பழைய தாளையும் காட்டுங்கள்.

வார்மர் என்பது காகிதம் போன்ற மெல்லிய போர்வைக்குள் குழாய் வழியாக வெதுவெதுப்பான காற்றை ஊதும் கருவி. அந்தக் காற்று கிருமியைப் பரப்பும் என்று இணையத்தில் படித்தால் கலங்க வேண்டாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதை ஆராய்ந்துவிட்டு, தேவைப்படும் ஆபரேஷன்களில் தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்றே மருத்துவர்களுக்கு எழுதியது. உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் வெளியிட்ட தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலில், தியேட்டரில் சூடேற்றும் கருவிகளைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. கருவி இல்லாத மருத்துவமனை என்றாலும் கைவிரித்துவிட வேண்டியதில்லை. ஒரே ஒரு பருத்திப் போர்வை தோலிலிருந்து போகும் சூட்டில் கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தைத் தடுக்கிறது. தலையையும் கை கால்களையும் சுற்றி மூடுவது, வயிற்றைக் கழுவும் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றுவது இவையும் உதவும். ஆனால் பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் போர்வை மட்டும் போதாது. வார்மர் இருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது.

மயக்கம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் உடம்பைச் சூடாக வைத்தாலே பலன் இருக்கிறது. வாளித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தால் விளாவினாலும் சூடு இறங்காது, அவ்வளவுதான். 2001-இல் இங்கிலாந்தில் குடலிறக்கம், மார்பகம் போன்ற சிறிய ஆபரேஷன்களில் இப்படிச் செய்து பார்த்தபோது காயத் தொற்று நூற்றுக்கு 14-லிருந்து 5 ஆகக் குறைந்தது. நம் ஊரில் நடப்பது என்ன? காலையில் தலைக்குக் குளிக்க வைத்து, ஈரம் காயாத பின்னலோடு, மெல்லிய பச்சை கவுனை மாட்டி, ஏசி வென்ட்டுக்கு நேர் கீழே ஸ்ட்ரெச்சரில் முக்கால் மணி நேரம் வெறும் காலோடு காத்திருக்க வைக்கிறோம். இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் மாலையே முடித்துக் கூந்தலை நன்றாக உலர்த்திவிடுங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்புக்கு மட்டும் சோப்புப் போட்டுக் குளித்தால் போதும். சாக்ஸ் போட்டுவிடுங்கள். காத்திருக்கும்போது கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்துங்கள். "குளிருதாம்மா?" என்று கேளுங்கள். அம்மா கூச்சத்தில் இல்லை என்பார், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்.

குளிரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இதைவிட முக்கியம் என்றே சொல்வேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை (HbA1c) செய்து, எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேதியைத் தள்ளலாமா என்று சர்ஜனிடம் பேசுங்கள். ஆபரேஷன் நேரத்தில் 200-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். தேவையென்றால் அங்கேயே கிளிப்பரால் வெட்டிக்கொள்வார்கள். ஆன்டிபயாடிக் ஊசி கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும், அதையும் கேட்டு வையுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில், "சீழ் வைக்கும் என்று முட்டை, மீன், பால் எதுவும் கொடுக்காமல் இரண்டு மாதம் ரசம் சாதம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் சீழ் வைக்காது. கீமோதெரபியில் இளைத்துப்போன உடம்பு அது. இன்றைக்கே முட்டையிலிருந்து தொடங்குங்கள். சித்தியிடம் டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து அம்மா வெளியே வந்ததும் ரெக்கவரி ரூம் நர்ஸிடம் டெம்பரேச்சர் எவ்வளவு என்று கேளுங்கள். 36 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 96.8-க்குக் குறைவு என்றால் அங்கேயே சூடேற்றிவிட்டு வார்டுக்கு அனுப்பச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு முப்பது நாள் வரை காயத்தைத் தினமும் பாருங்கள். சிவப்பு பரவினாலும், வலி குறையாமல் கூடினாலும், கசிவோ காய்ச்சலோ வந்தாலும் ரிவ்யூ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.